நடத்தினதெல்லாம் எங்க போச்சு? ஒரு கணக்கு டீச்சரோட கேள்விக்கு என் பதில்

டீச்சர், உங்க கேள்விய மூணு தடவ படிச்சேன். ஏழாம் வகுப்புக்கு தசம எண் நடத்தினீங்க, பசங்க நல்லா தலையாட்டினாங்க, போர்டுல போடச் சொன்னா போட்டாங்க, ரெண்டு வாரம் கழிச்சு அதே கணக்க கேட்டா பாதி வகுப்பு முழிக்குது, பி.எட்.ல படிச்ச கல்வி உளவியல் இதுக்கெல்லாம் ஏதாவது உதவுமா இல்ல அது பரீட்சை எழுதறதுக்கு மட்டும்தானா. இதுதானே கேட்டிருக்கீங்க.

உதவும். ஆனா நாம பாஸ் பண்றதுக்காகப் படிச்ச பகுதி இல்ல. தார்ண்டைக் விதி, பாவ்லோவ் நாய், மாஸ்லோ முக்கோணம் எல்லாம் பேர் ஞாபகம் இருக்கும், நாளைக்கு மூணாவது பீரியட்ல அத வச்சு என்ன பண்றதுன்னு தெரியாது. நான் 22 வருஷமா அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு எடுக்கறேன், நடுவுல சில வருஷம் ஆசிரியர் பயிற்சிகள்ல சொல்லிக்குடுக்கற கருத்தாளராவும் போயிருக்கேன். மனுஷ மூளை எப்படிக் கத்துக்குது, எப்படி மறக்குதுன்னு நடந்த ஆராய்ச்சிகள நான் ரொம்ப லேட்டாதான் படிச்சேன், படிச்சப்புறம் என் வகுப்பு மாறிச்சு, அதனால இத கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம், மத்தது எல்லாம் இதுலேர்ந்துதான் வரும். நாம சொல்றதெல்லாம் பசங்களுக்குத் தங்காது, அந்த நேரத்துல அந்தப் பையன் தன் மனசுக்குள்ள என்ன வேல பார்க்கறானோ அதுதான் தங்கும். நாம போர்டுல கணக்கு போடறப்ப வேல பார்க்கறது நம்ம மூளை, அவன் பார்த்துக்கிட்டு இருக்கான், பார்க்கறப்ப ஒவ்வொரு வரியும் தெளிவாதான் தெரியுது, அதனால புரிஞ்சுதான்னு கேட்டா புரிஞ்சுது சார்னு சொல்றான், அவன் பொய் சொல்லல. பரோட்டா மாஸ்டர் மாவு வீசறத பத்து நாள் பக்கத்துல நின்னு பார்த்தவனுக்கும் அது தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும், மாவு அவன் கையில வர்ற வரைக்கும். பார்க்கறப்ப வர்ற தெளிவும் தானா செய்ய வர்றதும் வேற வேற, நமக்கு நடக்கற ஏமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்துலதான் நடக்குது.

எனக்கு இது உறைச்ச நாள் ஞாபகம் இருக்கு. ஆறாம் வகுப்பு, ஒரு பையன் நோட்டுல 52-லேர்ந்து 17 போனா 45-ன்னு போட்டிருந்தான், அதுக்குக் கீழ 70-லேர்ந்து 28 போனா 58, அதுக்கும் கீழ 304-லேர்ந்து 126 போனா 222. நான் எல்லாத்தையும் சிவப்பு மையில சுழிச்சு, கவனம் தேவைன்னு எழுதி, அஞ்சஞ்சு தடவ திருப்பி எழுதிட்டு வான்னு அனுப்பிட்டேன். மறுநாள் எழுதிட்டு வந்தான், புதுசா ஒரு கணக்கு குடுத்தா திரும்ப அதே மாதிரி. அன்னைக்கு எதுக்கோ பொறுமையா பக்கத்துல உக்கார வச்சு, டேய் எப்படிப் போட்டேன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போடுன்னேன். "ரெண்டுலேர்ந்து ஏழு போகாது சார், ஏழுலேர்ந்து ரெண்டு போச்சு அஞ்சு. பெரிய நம்பர்லேர்ந்துதான் சின்ன நம்பர கழிக்கணும்னு டீச்சர் சொன்னாங்க." அவன் சொன்ன விதிய வச்சு அந்த மூணு கணக்கையும் நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன், மூணும் அப்படியே வருது. அவன் கவனமில்லாம போடல, ரொம்பக் கவனமா ஒரு தப்பான விதிய பின்பற்றியிருக்கான், நான் அந்தத் தப்பு விதிய இன்னும் அஞ்சு தடவ பழக்கிவிட்டிருக்கேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1978-லயே பசங்க கழித்தல்ல பண்ற தப்புகள ஒண்ணொண்ணா பிரிச்சுப் பார்த்து, நிறைய தப்பு ஏனோதானோன்னு வர்றதில்ல, பின்னாடி ஒரு ஒழுங்கான தப்பு விதி இருக்குன்னு காட்டியிருக்காங்க. அதுக்கும் பத்து வருஷம் முன்னாடி, 1968-ல டேவிட் ஆசுபெல்னு ஒரு உளவியலாளர், கத்துக்கறதுல மத்த எல்லாத்தையும் விட முக்கியம் அந்த மாணவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியுங்கறதுதான், அத கண்டுபிடிச்சு அதுக்கேத்த மாதிரி சொல்லிக்குடுங்கன்னு எழுதியிருக்கார். ஏற்கெனவே தெரிஞ்சதுன்னா சரியாத் தெரிஞ்சது மட்டும் இல்ல, தப்பாத் தெரிஞ்சதும் சேர்த்தி, அதுவும் மனசுல இடம் பிடிச்சு உக்காந்திருக்கும், அத கிளப்பாம மேல புதுசா எத வச்சாலும் கோணலாதான் நிக்கும். 1992-ல வந்த ஒரு ஆய்வுல அமெரிக்கக் குழந்தைங்ககிட்ட பூமி எப்படி இருக்கும்னு கேட்டிருக்காங்க. உருண்டைன்னு சொல்றாங்க, ஆனா தோண்டித் துருவிக் கேட்டா சில குழந்தைங்க மனசுல அது தோசைக்கல் மாதிரி வட்டமா தட்டையா இருக்கு, சில குழந்தைங்க மனசுல உள்ள காலியான பந்து, அதுக்குள்ள தட்டையான தரையில நாம நிக்கறோம். டீச்சர் சொன்ன உருண்டையையும் கண்ணால பார்த்த தட்டையையும் அதுங்களே சேர்த்து வச்சுக்கிட்ட படம் அது. உருண்டைன்னு எழுதினா பரீட்சையில முழு மார்க்.

இப்ப உங்க தசம எண்ணுக்கு வரேன். நாளைக்கு வகுப்புல போர்டுல 0.25, 0.3 ரெண்டு எண் மட்டும் எழுதி எது பெருசுன்னு கேளுங்க. நிறைய பேர் 0.25-ன்னு சொல்வாங்க, ஏன்னா 25 பெருசு, 3 சின்னது, முழு எண்ல அஞ்சாறு வருஷமா வேல செஞ்ச விதி இது, அத சுலபத்துல விட மாட்டாங்க. இன்னும் சில பேர் 0.3-ன்னு சரியாச் சொல்வாங்க, ஆனா காரணம் கேட்டா, புள்ளிக்கு அப்புறம் எத்தன எண் அதிகமோ அவ்வளவு சின்னதுன்னு சொல்வாங்க, இவங்களுக்கு 0.45, 0.3 குடுத்தீங்கன்னா மாட்டிக்குவாங்க. ஒரே கேள்விக்கு தப்பான காரணத்தோட சரியான விடை, இத திருத்தற பேப்பர்ல பார்க்கவே முடியாது டீச்சர், வாயத் திறக்க வச்சாதான் வெளிய வரும்.

நாம எல்லாரும் தசமத்துக்கு ரூபா பைசா உதாரணம் சொல்லுவோம், நானும் பல வருஷம் சொன்னேன், அதுல ஒரு குழி இருக்கு. 2.50-ன்னா ரெண்டு ரூபா அம்பது பைசான்னு பழகின பையனுக்கு புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண், ரெண்டும் தனித்தனி. அவன்கிட்ட 2.5-ன்னா எவ்வளவுன்னு கேட்டா ரெண்டு ரூபா அஞ்சு பைசாம்பான். அதனால நான் இப்ப ஒரு மீட்டர் ஸ்கேலதான் எடுக்கறேன், முழு ஸ்கேல் ஒண்ணு, அத பத்தாப் பிரிச்சு பத்து செ.மீ.க்கு ஒரு கலர் பேப்பர் ஒட்டியிருக்கும், 0.3-ஐக் காட்டுன்னா மூணு பட்டை எண்ணி 30-ல விரல வைக்கணும், 0.25-க்கு ரெண்டு பட்டை தாண்டி மூணாவது பட்டையில பாதி. 0.25 பெருசுன்னு சாதிச்ச பொண்ணு தன் விரல அவளே 25-ல வச்சுட்டு, இன்னொரு பொண்ணு விரல் 30-ல இருக்கறத பார்த்துட்டு, கொஞ்ச நேரம் பேசாம நிப்பா. அந்த அமைதியில நாம குறுக்க பேசக்கூடாது. அந்த நிமிஷம்தான் பழைய விதி ஆட்டம் காணுது, நாம உடனே விளக்கம் சொன்னா அவ நம்ம வாயப் பார்க்கத் தொடங்கிடுவா.

ஸ்கேல எடுக்கறதுக்கு முன்னாடி நான் ஓட்டு வாங்குவேன். 0.25-ன்னா ஒரு விரல், 0.3-ன்னா ரெண்டு விரல், ரெண்டும் சமம்னா மூணு. கைய தலைக்கு மேல தூக்கச் சொல்லாதீங்க, முன்னாடி பெஞ்சு கைய பார்த்து பின்னாடி பெஞ்சு மாத்திக்கும், நெஞ்சுக்கு நேரா வச்சுக் காட்டச் சொல்லுங்க, ஒண்ணு ரெண்டு மூணு சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்துல. 48 பேர் என்ன நினைக்கறாங்கன்னு பத்து செகண்டுல உங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் விடைய சொல்லாம, பக்கத்துல வேற விரல் காட்டினவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லுங்க, திரும்ப ஓட்டு, அதுக்கப்புறம் ஸ்கேல். ஹார்வர்டுல இயற்பியல் எடுக்கற எரிக் மசூர் 1990-கள்ல இப்படித்தான் பாடம் நடத்த ஆரம்பிச்சார், அவருக்கும் ஆரம்பம் நம்ம பிரச்சனைதான், பரீட்சையில பெரிய பெரிய சமன்பாடு போடற மாணவங்க விசையப் பத்தின சாதாரணக் கேள்வியில தடுமாறினாங்க. ஹார்வர்டுல கருவி எல்லாம் வச்சு ஓட்டு எடுப்பாங்க, நமக்கு விரல் போதும்.

கூடவே ஒண்ணு. கேள்வி கேட்டுட்டு நாம எவ்வளவு நேரம் காத்திருக்கோம்னு என்னைக்காவது எண்ணிப் பார்த்திருக்கீங்களா? மேரி பட் ரோங்கற கல்வி ஆராய்ச்சியாளர் அமெரிக்க வகுப்புகள ரெக்கார்ட் பண்ணிக் கேட்டிருக்காங்க, ஆசிரியர்கள் சராசரியா ஒரு செகண்டு கூட பொறுக்கல, உடனே அடுத்த பையன கேட்கறாங்க, இல்லன்னா தாங்களே விடைய சொல்லிடறாங்க. அதையே மூணு செகண்டு ஆக்கினப்ப பசங்க நீளமா பதில் சொன்னாங்க, வழக்கமா பேசாதவங்க பேசினாங்க. மூணு செகண்டு நிக்கறது ரொம்ப கஷ்டம், நான் மனசுக்குள்ள மெதுவா அஞ்சு வரைக்கும் எண்ணுவேன்.

அடுத்தது அந்த ரெண்டு வாரம் கழிச்சு காணாமப் போற விஷயம், உங்க கேள்வியோட நடுப்பகுதி இதுதான். மறதி இயல்பு டீச்சர், உங்க குறை இல்ல, பசங்க குறையும் இல்ல. ஹெர்மன் எப்பிங்காஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகள தானே மனப்பாடம் பண்ணி தானே எவ்வளவு மறக்கறோம்னு அளந்து 1885-ல வெளியிட்டார், கத்துக்கிட்ட உடனேதான் மறதி வேகமா இருக்கு, போகப் போக மெதுவாகுது. அப்ப என்ன பண்ணணும், திரும்பத் திரும்பப் படிக்கணும்னுதான் நாம சொல்வோம், ரிவிஷன் பண்ணுங்க ரிவிஷன் பண்ணுங்கன்னு. 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் கல்லூரி மாணவங்ககிட்ட செஞ்ச சோதனையப் பாருங்க. ஒரு பகுதிய ஒரு குழு நாலு தடவை படிச்சுது. இன்னொரு குழு ஒரே ஒரு தடவை படிச்சு மூடி வச்சுட்டு, மூணு தடவை ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பார்த்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு சோதிச்சப்ப திரும்பத் திரும்பப் படிச்சவங்க 83 சதவீதம், எழுதிப் பார்த்தவங்க 71. படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு சோதிச்சப்ப படிச்சவங்க 40, எழுதிப் பார்த்தவங்க 61. ஒரு வாரம் கழிச்சு யாருக்கு நல்லா ஞாபகம் இருக்கும்னு அவங்களையே கேட்டதுக்கு, திரும்பத் திரும்பப் படிச்ச குழுதான் அதிக நம்பிக்கையா இருந்துச்சு.

எனக்கு இத படிச்சப்ப வயித்துல ஒரு மாதிரி ஆச்சு. எத்தன ஸ்டடி அவர்ல, பத்தாவது பசங்கள வராண்டாவுல உக்கார வச்சு, சத்தம் போட்டுப் படிங்கடான்னு சொல்லி நடுவுல நடந்திருக்கேன். அவங்க சத்தம் போட்டுப் படிச்சது பொய் இல்ல, அந்த சாயந்திரம் அது மனசுல இருந்துச்சு, அதான் அவங்களும் நம்பினாங்க நானும் நம்பினேன். ஞாபகத்துலேர்ந்து ஒண்ண இழுத்து வெளிய எடுக்கற ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதை கெட்டிப்படுது, கண் முன்னாடி வச்சுப் பார்த்தா அந்த வேலையே நடக்கல. எடுக்கறதுக்குக் கஷ்டமா இருக்கறதுதான் நல்லது, கொஞ்சம் மறந்து போன நிலையில இழுக்கறதுதான் அதிகம் ஒட்டுது.

அதனால என் வகுப்புல முதல் அஞ்சு நிமிஷம் இப்படித்தான். நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியே லீடர் போர்டுல மூணு கணக்கு எழுதிடுவா, ஒண்ணு நேத்து நடத்தினது, ஒண்ணு போன வாரத்துது, ஒண்ணு போன மாசம் இல்ல போன பருவத்துது. நோட்ட திறக்கக் கூடாது, ரஃப் நோட்டுல போடணும், பேச்சு இல்ல. அஞ்சு நிமிஷம் முடிஞ்சதும் நான் விடைய சொல்லுவேன், அவங்களே திருத்திக்குவாங்க, மார்க்கு கிடையாது, யார் எத்தன சரின்னு கையத் தூக்கச் சொல்றதும் கிடையாது. இந்தக் கடைசி ரெண்டும் முக்கியம். நம்ம ஊர்ல ஸ்லிப் டெஸ்ட்னாலே பசங்களுக்கு வயிறு கலங்கும், மார்க்கு குறைஞ்சா முட்டி போடணும், பெற்றோர்கிட்ட கையெழுத்து வாங்கணும்னு, அந்தப் பயத்துல பக்கத்துப் பேப்பர பார்ப்பான், அப்ப இழுத்து எடுக்கற வேல நடக்கவே நடக்காது. டெஸ்ட்ங்கறது அளக்கற கருவி மட்டும் இல்ல, அதுவே படிக்கற வழின்னு பசங்களுக்கும் சொல்லிடுங்க, ஏழாம் வகுப்புப் பசங்களுக்கு அது நல்லாவே புரியும். முதல் ரெண்டு வாரம் மூணாவது கணக்குல பாதிப் பேர் வெறும் நோட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, உங்களுக்கு மனசு உடையும், விட்டுடாதீங்க. எனக்கு ஒரு மாசம் ஆச்சு அசைவு தெரிய. ஒரு நாள் ஒரு பையன் மீ.சி.ம. (LCM) கணக்க பார்த்துட்டு "சார் இத ஜூன்ல போட்டோம்ல"ன்னு தானா சொன்னான், அப்ப செப்டம்பர்.

புத்தகத்துல பயிற்சி இருக்கற விதமும் நமக்கு எதிரா வேல பண்ணுது. ஒரு பயிற்சியில பத்து கணக்குன்னா பத்தும் ஒரே மாதிரி. தலைப்பே தசம எண் பெருக்கல்னு இருக்கு, அப்ப பெருக்கணுமா வகுக்கணுமான்னு பையன் யோசிக்க வேண்டிய தேவையே இல்ல, ரெண்டு எண்ண எடுத்துப் பெருக்கினா வந்துடும், வாக்கியக் கணக்க படிக்கக் கூட வேணாம். பரீட்சையில தலைப்பு இருக்காது, அங்கதான் விழறான். ரோரர், டெய்லர்னு ரெண்டு பேர் 2007-ல கன அளவு கணக்குகள ஒரு குழுவுக்கு வகை வகையா அடுக்கியும் இன்னொரு குழுவுக்குக் கலந்தும் குடுத்துப் பார்த்தாங்க. பயிற்சி நேரத்துல அடுக்கிக் குடுத்த குழு 89 சதவீதம் சரியாப் போட்டுச்சு, கலந்து குடுத்தது 60. ஒரு வாரம் கழிச்சு அதே 89 குழு 20-க்கு இறங்கிடுச்சு, கலந்து போட்டவங்க 63. உங்க வகுப்புல நடந்தது கிட்டத்தட்ட இதுதான்னு நான் நினைக்கறேன் டீச்சர், அன்னைக்கு போர்டுல எல்லாரும் போட்டாங்கன்னு சொன்னீங்களே, அது அந்த 89.

இதுக்குப் புதுப் புத்தகம் எல்லாம் வேணாம். ஹோம்வொர்க்குக்கு எட்டு கணக்குன்னா மூணு இன்னைக்குப் பாடத்துலேர்ந்து, அஞ்சு பழைய பயிற்சிகள்லேர்ந்து, வரிசைய கலைச்சு. பயிற்சி எண்ண மட்டும் போர்டுல எழுதிப் போட்டா போதும். பசங்க முனகுவாங்க, கஷ்டமா இருக்குன்னு. கஷ்டமா இருக்கறப்பதான் எந்த வழி எந்தக் கணக்குக்குங்கற தேர்வு நடக்குது.

இவ்வளவு சொன்னதும் சில பேர், அப்ப கஷ்டமாவே குடுத்துடலாம், தானே கண்டுபிடிக்கட்டும்னு போயிடறாங்க, அதுவும் தப்பு. மனசுல ஒரே நேரத்துல பிடிச்சு வச்சு வேல பார்க்கக்கூடிய இடம் ரொம்பச் சின்னது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல ஏழு விஷயம், ரெண்டு கூடக் குறையன்னு சொன்னார், நெல்சன் கோவன் 2001-ல அது நாலு கிட்டதான்னு சொன்னார். 47-ஐயும் 36-ஐயும் பேப்பர் இல்லாம மனசுலயே பெருக்கிக்கிட்டு, அதே நேரம் யாராவது பேசறத கவனிச்சுப் பாருங்க, ரெண்டும் போயிடும். நாம போர்டுல எழுதிக்கிட்டே விளக்கம் சொல்றோம், பசங்க அத காப்பி பண்ணிக்கிட்டு இருக்காங்க, அந்த நேரத்துல நாம சொல்ற விளக்கம் ஒரு சொல் கூட உள்ள போறதில்ல. இப்ப நான் எழுதறப்ப பேசறதில்ல, பேசறப்ப பேனா எல்லாம் கீழ. இவ்வளவு சின்ன மாற்றம்தான், ஆனா பேர் வாங்காத மாற்றங்கள்ல இது முதல்.

புதுப் பாடத்துக்கு, முழுசாப் போட்ட கணக்க முதல்ல குடுக்கறது நல்லது. ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் 1985-ல இயற்கணிதத்துல காட்டினது, ஆரம்பத்துல இருக்கற மாணவனுக்கு போட்டு வச்ச கணக்க படிச்சுப் பார்க்கறது தானா முட்டி மோதறத விட அதிகம் உதவுது. நான் முதல் கணக்க முழுசாப் போட்டு ஒவ்வொரு வரிக்கும் ஏன்னு கேட்பேன், ரெண்டாவதுல கடைசி வரிய விட்டுடுவேன், மூணாவதுல ரெண்டு வரி, நாலாவது வெறும் கணக்கு. நல்லாத் தெரிஞ்ச பையனுக்கு இது வேணாம், அவன நேரா நாலாவதுக்கு விடுங்க, தெரிஞ்சவனுக்கு இந்தப் படிகள் சுமையாவே ஆகும்.

வாய்ப்பாடு பத்தி ஒரு வார்த்தை, இதுல எனக்கு ரொம்ப உறுதியான கருத்து இருக்கு. மனப்பாடம்னாலே பாவம்னு ஒரு காலத்துல பயிற்சிகள்ல சொன்னாங்க, நானும் அத நம்பி கொஞ்ச வருஷம் வாய்ப்பாட விட்டேன், அது தப்பு. 1973-ல சேஸ், சைமன் ரெண்டு பேரும் செஸ் ஆட்டக்காரங்ககிட்ட நடுஆட்டப் பலகைய 5 செகண்டு காட்டிட்டு மூடி, திரும்ப அடுக்கச் சொன்னாங்க. மாஸ்டர் பெரும்பகுதிய அடுக்கிடறார், புதுசா ஆடறவருக்கு நாலஞ்சு காய்தான். அதே காய்கள கண்டபடி கொட்டி வச்சுக் காட்டினப்ப மாஸ்டருக்கும் மத்தவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. மாஸ்டருக்கு ஞாபக சக்தி பொதுவா அதிகம்னு இல்ல, பல வருஷமா மனசுல சேர்த்து வச்ச அமைப்புகள் இருக்கு, நாலு காய அவர் ஒண்ணாப் பார்க்கறார். வாய்ப்பாடு கணக்குக்கு அதேதான். 6 பெருக்கல் 7-ஐ விரல் விட்டு எண்ணற பையனுக்கு மனசுல இருக்கற அந்த நாலு இடமும் அதுலயே போயிடும், 12-க்கும் 18-க்கும் மீ.சி.ம. ஏன் எடுக்கறோம்னு யோசிக்க இடமே மிச்சமில்ல. அர்த்தம் புரிய வச்சுட்டு, அப்புறம் மனப்பாடம் பண்ண வைங்க, ரெண்டும் வேணும்.

உங்களுக்கும் பயிற்சியில சொல்லியிருப்பாங்க, பார்த்துக் கத்துக்கறவன், கேட்டுக் கத்துக்கறவன், செஞ்சு கத்துக்கறவன்னு பசங்கள பிரிக்கணும்னு. அத விட்டுடுங்க. 2008-ல ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூணு உளவியலாளர்களும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகள எல்லாம் அலசிப் பார்த்து, அப்படிப் பிரிச்சு நடத்தறதால பலன் உண்டுன்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்லன்னு முடிச்சாங்க. வடிவியல எல்லாருக்கும் படம் போட்டுத்தான் நடத்தணும், செய்யுள எல்லாரும் காதால கேட்கத்தான் வேணும், எப்படிங்கறத பாடம்தான் முடிவு பண்ணுது. அதே மாதிரி படிச்சா 10 சதவீதம், கேட்டா 20 சதவீதம், செஞ்சா 90 சதவீதம்னு ஒரு சார்ட் வரும், எட்கர் டேல்னு ஒரு அமெரிக்கக் கல்வியாளர் பேர்ல. அவர் 1946-ல போட்ட கூம்பு வடிவப் படத்துல சதவீதமே கிடையாது, பின்னாடி யாரோ ஒட்டினது. நம்ம நன்னூல் பாயிரத்துலயும் ஆசான் சொல்றத எவ்வளவு நல்லா வாங்கிக்கிட்டாலும் கால் பங்குதான், கூடப் படிக்கறவங்களோட பழகி இன்னொரு கால், மீதிப் பாதி தானே எடுத்துச் சொல்றப்பன்னு இருக்கு. அதையும் அளந்து சொன்ன கணக்கா எடுத்துக்க வேணாம், ஆனா கேட்கறதோட நிக்காதேங்கற திசை சரியான திசை, அந்த விரல் ஓட்டுக்கு அப்புறம் பக்கத்துல பேசச் சொல்றது அதுக்குத்தான்.

இன்னொரு கஷ்டத்த சொல்லாம விட்டா இந்தப் பதில் நேர்மையா இருக்காது. உங்க ஏழாம் வகுப்புல கழித்தலே வராத பசங்க எட்டு பத்து பேர் இருப்பாங்க, அவங்களுக்கு தசமத்த எந்த விதத்துல நடத்தினாலும் போய்ச் சேராது. இது அவங்கள மெல்லக் கற்போர்னு பட்டியல் போட்டு கைடு குடுத்து தீர்ற விஷயம் இல்ல. பிரதம்னு ஒரு கல்வித் தொண்டு அமைப்பு ரொம்ப நாளாச் சொல்றது, வயச வச்சு வகுப்பு இருக்கட்டும், ஆனா தினமும் கொஞ்ச நேரமாவது குழந்தை எந்தப் படியில நிக்குதோ அந்தப் படியிலேர்ந்து நடத்துங்கன்னு. பின்தங்கின குழந்தைங்கள தினமும் ரெண்டு மணி நேரம் தனியா எடுத்து அடிப்படைய மட்டும் சொல்லிக்குடுக்க, உள்ளூர் பெண்கள வச்சு அவங்க மும்பையிலயும் வதோதராவுலயும் நடத்தின திட்டத்த பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு ஆராய்ஞ்சு 2007-ல வெளியிட்டாங்க, அந்தக் குழந்தைங்க நல்லாவே முன்னேறியிருந்தாங்க. நம்ம மாநிலத்துல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003 வாக்குல தொடங்கி அப்புறம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் போன, குழந்தை தன் வேகத்துல அட்டை அட்டையா முடிக்கற செயல்வழிக் கற்றலும், அடிப்படை எழுத்தறிவு எண்ணறிவுக்காக 2022-ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் இதே எண்ணத்துலதான் வந்துச்சு. அட்டைய வரிசையா முடிக்கறதும் ரெக்கார்ட் எழுதறதும் பெருசாகி, குழந்தை என்ன யோசிக்குதுன்னு பார்க்க நேரம் இல்லாம போன வகுப்புகளையும் நான் பார்த்திருக்கேன், அதே திட்டத்த வச்சுக்கிட்டு ரொம்ப அழகா நடத்தின டீச்சர்களையும் பார்த்திருக்கேன். உங்களால முடிஞ்சா வாரத்துல ரெண்டு நாள், கடைசி பதினஞ்சு நிமிஷம், மத்தவங்க கலவைக் கணக்கு போட்டுக்கிட்டு இருக்கறப்ப அந்த எட்டு பேர தரையில சுத்தி உக்கார வச்சு தீக்குச்சிக் கட்டு எடுங்க. பத்து குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட். 52-ல 17 எடுக்கறதுக்கு ஒரு கட்ட அவிழ்க்கணும், அந்த ரப்பர் பேண்ட அவன் கையால அவிழ்க்கறதுதான் கடன் வாங்கறது, வேற ஒண்ணும் இல்ல.

போர்ஷன் முடியாதே சார்னு கேட்பீங்க. முடியும், நான் முடிக்கறேன், எப்படின்னா அரையாண்டுக்கு முன்னாடி ரிவிஷனுக்குன்னு ஒதுக்கற மூணு வாரம் எனக்கு இப்ப ஒரு வாரம் போதும், ரிவிஷன் தினமும் அஞ்சு நிமிஷமா ஜூன்லேர்ந்தே நடந்துக்கிட்டு இருக்கு.

எல்லாத்தையும் ஒரே வாரத்துல தொடங்காதீங்க. திங்கக்கிழமை அந்த முதல் அஞ்சு நிமிஷம் மட்டும். மூணு கணக்கு, ஒண்ணு 0.25-ம் 0.3-ம், காரணத்தோட ஒரு வரி எழுதணும். ஒண்ணு போன வாரப் பாடம். ஒண்ணு ஆறாம் வகுப்புப் பின்னம், மூணுல ஒரு பங்கும் நாலுல ஒரு பங்கும் கூட்டினா எவ்வளவுன்னு கேளுங்க, ஏழுல ரெண்டுன்னு எத்தன பேர் எழுதறாங்கன்னு பார்த்துக்கிட்டே நடந்து வாங்க, அன்னைக்குத் திருத்த வேணாம். முதல் கணக்கோட காரணங்கள மட்டும் சாயந்திரம் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து மூணு கட்டாப் பிரிங்க, 25 பெருசுன்னு நினைக்கறவங்க, நீளமா இருந்தா சின்னதுன்னு நினைக்கறவங்க, இட மதிப்பு தெரிஞ்சவங்க. ஒவ்வொரு கட்டுலயும் எத்தனன்னு பாடக்குறிப்பு நோட்டோட கடைசிப் பக்கத்துல தேதி போட்டு எழுதி வச்சுக்குங்க. ஸ்கேல் பாடம் நடத்திட்டு, ஆறு வாரம் கழிச்சு முன்னாடியே சொல்லாம 0.45-ஐயும் 0.3-ஐயும் 0.275-ஐயும் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்க, திரும்ப கட்டுப் பிரிச்சு அதே பக்கத்துல பழைய எண்ணுக்கு நேராவே எழுதுங்க. அந்த ரெண்டு வரிசை எண்ணையும் எனக்கு அனுப்புங்க டீச்சர், எந்தக் கட்டு அசையலையோ அதப் பத்தி நாம உக்காந்து பேசலாம்.